உயிர்வளி உணரி: கிந்தா மணல் முதல் டீசல் வண்டி வரை

நோய் இன்னதென்று தெளியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பவனை நல்ல மருத்துவன் என்று எவரும் சொல்லார். நோயை அறிந்து, அதன் வேரை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்த ஒழுங்கு. மனித உடலுக்குச் சொன்ன அவ்வொழுங்கு இரும்பு உடலுக்கும் பொருந்தும். இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் விரல் அளவே ஆன ஒரு கருவி அமர்ந்திருக்கின்றது. அதன் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

ஈப்போ நகரின் தென்கிழக்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் அமைந்தது குனோங் ராபாட். இவ்வட்டாரத்தில் சரக்கேற்றும் சிறு டீசல் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலின் உதவித்தொகை நீக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தபோது, அத்தகைய குடும்பங்களுக்கு எண்ணெய் வீணாகாமல் எரிவது முன்னிலும் பெரிய காரியமாயிற்று. அந்த நிலையில் வண்டியின் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிகின்றது. பட்டறையில் கணினியை இணைத்துப் பார்த்தால் ‘ஆக்சிஜன் சென்சர்’ என்று குறி காட்டுகின்றது. உணரியைக் கழற்றிப் புதியதை மாட்டுகின்றனர். பல நூறு ரிங்கிட் செலவாகின்றது. சில நாளில் அதே விளக்கு மீண்டும் எரிகின்றது.

இவ்வாறு ஆவது ஏன்? கருவி பிறந்த கதையை அறியாமல் கருவியின் பழுதை அறிய முயன்றதனால் என்பதே விடை. அது எவ்வாறு என்பதை முறையே காண்போம்.

பெயரும் பொருளும்

1774ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி தாம் கண்ட புதுக் காற்றைப் பற்றி ஆராய்ந்தார். சுவீடன் நாட்டுச் ஷீலே அதனைத் தனியே கண்டிருந்தார். பிரான்சு நாட்டு லவாசியே அதற்கு ‘ஆக்சிஜன்’ எனப் பெயரிட்டார். காடியைப் பிறப்பிப்பது என்பது அப்பெயரின் பொருள். எல்லாக் காடிகளிலும் அது உண்டு என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணம் பிழை என்று பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் பிழையான பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் முதலில் ‘பிராணவாயு’ என்றும், பின்னர் ‘உயிர்வளி’ என்றும் வழங்கினர். இவ்விரண்டும் அப்பொருளின் பயனை நோக்கி வைத்த பெயர்கள்; ஆதலின் பிழையற்றவை. உயிருக்கு எதுவோ அதுவே தீக்கும் உயிர். ‘உணரி’ என்பதோ உணர் என்னும் வினையடியோடு இகர விகுதி சேர்ந்த கருவிப் பெயர். மண்வெட்டி, பாக்குவெட்டி என்பன போல்வது. ஆகவே ‘உயிர்வளி உணரி’ என்று வகுப்பில் சொன்னால் மாணவர்க்குப் பெயரே பாதிப் பாடம் ஆகிவிடும்.

மணலில் கிடந்த இரு மண்கள்

இவ்வுணரியின் நெஞ்சு ஒரு சிறு பீங்கான் தகடு. சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடும், இட்ரியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடும் கலந்து சுட்ட பீங்கான் அது. இவ்விரண்டும் வந்த வழி தமிழர் வாழும் நிலங்களோடு தொடர்புடையது.

சிர்க்கோன் என்னும் மணிக்கல் இலங்கையின் ஆற்று மணலில் பழங்காலந்தொட்டே கிடைத்து வந்தது. அதன் நிறமற்ற வகையை ‘மாத்தறை வைரம்’ என்று வணிகர் விற்றனர். 1789இல் பெர்லின் நகர வேதியலறிஞர் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல்லைப் பகுத்து, அதில் அதுவரை அறியப்படாத ஒரு மண் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள உலோகத்தைத் தூய்மை குறைந்த நிலையில் 1824இல் பிரித்தவர் பெர்சீலியசு. இட்ரியத்தின் மண், சுவீடனின் இட்டர்பி என்னும் சிற்றூரில் கிடைத்த கருங்கல்லிலிருந்து 1794இல் கடோலின் என்பவரால் அறியப்பட்டது.

இவ்விரு பொருளும் கிந்தா ஆற்றுச் சமவெளியிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயத்தை நாடி மக்கள் திரண்ட சமவெளி இது. மலாயாத் தமிழர் பேச்சில் ‘லம்பம்’ எனப்படும் ஈயச் சுரங்கங்களில், மண்ணை நீரால் கரைத்துக் கழுவினால் கனமான ஈயக்கல் அடியில் தங்கும். அதனோடு தங்கும் மற்றக் கனமான மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அந்த அமாங்கில் சிர்க்கோன் உண்டு; இட்ரியத்தின் பாஸ்பேட்டாகிய செனோடைம் உண்டு; தோரியம் கலந்த மோனசைட்டும் உண்டு. 1913இல் மலாயாவின் முதல் வாளித் தூர்வாரிக் கப்பல் கிந்தாவில் இயங்கத் தொடங்கியபின் இம்மணல் மலைபோலக் குவிந்தது. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த தஞ்சோங் துவாலாங் கப்பல் அக்காலத்தின் நினைவுச்சின்னமாக நிற்கின்றது.

ஈயம் எடுத்தபின் எஞ்சிய கழிவு என்று கருதப்பட்டது பின்னர் விலைபெற்றது. அந்த விலைக்குள் கேடும் கலந்திருந்தது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982 முதல் மோனசைட்டைப் பிரித்த ஓர் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் வழக்காடினர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் அவ்வாணை நீங்கியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு கிளேடாங் மலைத்தொடர்ப் பகுதியில் பின்னர்ப் புதைக்கப்பட்டது. புகையைத் தூய்மையாக்க உதவும் பொருள்களும் எங்கோ ஒரு மண்ணைத் தோண்டித்தான் வருகின்றன என்பதை இவ்வூர் மக்கள் நன்கு அறிவர்.

தமிழகத்தில் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே கனிமங்கள் உள்ளன. ஆயினும், கிந்தா மணலோ குமரி மணலோதான் இன்றைய உணரிகளுக்குள் இருக்கின்றது என்று கூறுதல் மிகையாகும். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவுமே சிர்க்கோனைப் பெருமளவில் தருவன. நம் காலடி மணலின் இனமே அது என்பது மட்டும் உறுதி.

விளக்காகப் பிறந்தது

இப்பீங்கானுக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றல் உண்டு என்பதைக் கண்டு பயன்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்டு. 1890களின் இறுதியில் அவர் ஒரு விளக்கு செய்தார். சிர்க்கோனியா 85 பங்கும் இட்ரியா 15 பங்கும் கலந்த சிறு கோல்தான் அதில் எரியும் பொருள். எடிசனின் கரியிழை விளக்கைவிட அது வெண்மையாக ஒளிர்ந்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. குளிர்ந்த நிலையில் அக்கோல் மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் அதனைச் சூடாக்கவேண்டும். தீக்குச்சியால் சூடேற்றிப் பார்த்தனர். பின்னர் அதற்கென்றே தனி வெப்பக் கம்பிச்சுருள் அமைத்தனர். டங்ஸ்டன் இழை விளக்கு வந்தபின் இவ்விளக்கு வழக்கொழிந்தது.

விளக்கு மறைந்தது, அதன் குறை மறையவில்லை. இன்றைய உணரிக்குள்ளும் ஒரு வெப்பச் சுருள் இருக்கின்றது. ஏறத்தாழ 750 பாகை செல்சியசு வரை அது பீங்கானைச் சூடாக்கினால்தான் உணரி பேசும். வெப்பச் சுருள் அறுந்தால் பீங்கான் நன்றாக இருந்தும் உணரி ஊமையாகும். பழுதுபார்ப்போன் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய வரலாற்றுப் பாடம் இது.

பீங்கானுள் மின்சாரம் எவ்வாறு செல்கின்றது என்பதை 1943இல் கார்ல் வாக்னர் விளக்கினார். சிர்க்கோனியத்தின் இடத்தில் இட்ரியம் அமரும்போது உயிர்வளிக்குரிய இருக்கைகள் சில காலியாகின்றன. இரண்டு இட்ரியத்துக்கு ஒரு காலியிடம் என்பது கணக்கு. வெப்பம் மிகுந்தபோது, உயிர்வளியின் அயனிகள் ஓரிடம்விட்டு அடுத்த காலியிடத்துக்குத் தாவித்தாவிச் செல்லும். ஆகவே இப்பீங்கான் உயிர்வளிக்கு மட்டும் வழிவிடும் சுவர் எனலாம்.

அச்சுவரின் ஒருபுறம் தூய காற்றையும் மறுபுறம் புகையையும் நிறுத்தினால், இருபுறத்து உயிர்வளியின் விகிதத்துக்கேற்ப ஒரு மின்னழுத்தம் பிறக்கும். அதனைக் கணக்கிடும் வாய்பாட்டை நெர்ன்ஸ்டு 1889ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். 1961இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிக்கூடத்து வைஸ்பார்ட்டும் ரூக்காவும் இவ்வழியில் உயிர்வளியை அளக்கும் கருவி ஒன்றை வெளியிட்டனர். இங்கே இரண்டாவது பாடம் பிறக்கின்றது. உணரி எதனையும் தனியே அளப்பதில்லை. வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளக்கின்றது. ஒப்பிடும் காற்று கெட்டால் அளவும் கெடும்.

பெட்ரோலுக்கு ஏற்றது டீசலுக்குப் போதவில்லை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்த நச்சு மூட்டத்துக்குக் கார்ப் புகையே பெருங்காரணம் என்று 1950களில் ஹாகன் சுமித் என்னும் அறிஞர் நிறுவினார். அமெரிக்கா 1970இல் தூயகாற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையிலுள்ள மூன்று நச்சுகளை ஒருங்கே முறிக்கும் வினையூக்கிக் கலம் செய்யப்பட்டது. ஆனால் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்னும் எடைக்கணக்கு பிறழாமல் இருந்தால்தான் அக்கலம் வேலைசெய்யும். அக்கணக்கைக் காப்பதற்காகவே ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ‘லாம்டா’ உணரியைச் செய்தது. 1976இல் சுவீடனின் வோல்வோ கார்களில் அது முதன்முதலாக இடம்பெற்றது. எண்ணெய் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டு, காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டு என இரண்டே சொல் அறிந்த காவலன் அது.

டீசல் எந்திரத்தின் இயல்பு வேறு. ருடோல்ஃப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய அவ்வெந்திரத்தில் காற்றை அடைக்கும் கதவு இல்லை. காற்று நிறையப் புகும். எண்ணெயின் அளவுதான் கூடிக் குறையும். 1936இல் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் விற்பனைக்கு வந்தபோதும் அவ்வியல்பு மாறவில்லை. டீசல் புகையில் உயிர்வளி எப்போதும் எஞ்சியே இருக்கும். அதனால் இருசொல் காவலன் ‘காற்று மிகுதி’ என்னும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

இதனைக் கணக்கிட்டே காணலாம். 750 பாகை வெப்பத்தில், புகையில் உயிர்வளி 15 விழுக்காடு இருந்தால் நெர்ன்ஸ்டு வாய்பாட்டின்படி கிடைப்பது ஏறத்தாழ 7 மில்லிவோல்ட்டு. 5 விழுக்காடு இருந்தால் 32 மில்லிவோல்ட்டு. வெறும் ஓட்டத்துக்கும் பாரம் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த 25 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு நுண்ணிய அளவை நம்பி ஓடும் வண்டியை ஆள முடியாது.

1990களில் இதற்குத் தீர்வு வந்தது. இரண்டு பீங்கான் கலங்களை அடுக்கி, இடையில் ஒரு சிறு அறை வைத்தனர். ஒரு கலம் அறையில் உள்ள உயிர்வளியை ஒப்புக்காற்றோடு ஒப்பிடும். மற்றொரு கலம், அந்த ஒப்பீடு 0.45 வோல்ட்டில் நிற்கும்வரை உயிர்வளியை வெளியே இறைக்கும், அல்லது உள்ளே செலுத்தும். எவ்வளவு மின்னோட்டம் செலவாயிற்று என்பதே அளவு. கிணற்றில் எவ்வளவு நீர் ஊறுகின்றது என்பதை, நீர்மட்டம் மாறாமல் இறைத்துப் பார்த்து அறிவதை ஒத்தது இம்முறை. இவ்விரிகற்றை உணரியே டீசலுக்கு ஏற்றது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் எந்திரத்துக்குள் செலுத்தும் வால்வையும், தெளிக்கும் எண்ணெயின் அளவையும் திருத்த அது துணைசெய்கின்றது.

சாட்சியும் குற்றவாளியும்

கணினி ‘உணரி’ என்று குறி காட்டும்போது, அக்குறி இரு வேறு பொருளைத் தரலாம். உணரியே கெட்டது என்பது ஒன்று. உணரி சொல்லும் செய்தி கணினியின் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கின்றது என்பது மற்றொன்று. பின்னதில் உணரி சாட்சியே அன்றிக் குற்றவாளி அன்று. உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்துப் புதிய சாட்சியைக் கொண்டுவந்தால், அவனும் அதையேதான் சொல்வான். விளக்கு மீண்டும் எரிவது இதனாலேதான்.

ஆகவே ஆராயும் வரிசை இன்றியமையாதது.

முதலாவது, வெப்பச் சுருள். குறி வெப்பச் சுற்றைச் சுட்டினால் முதலில் பியூசையும், செருகியில் மின்சாரம் வருகின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். பின்னர்ச் சுருளின் மின்தடையை அளக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் அது சில ஓம் அளவே இருக்கும். தடை எல்லையற்றதாகக் காட்டினால் சுருள் அறுந்தது. உணரியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

இரண்டாவது, கம்பியும் குழாயும். வெப்பக் குழாயில் உரசித் தோல் உரிந்த கம்பி, நீர் புகுந்து பச்சை பூத்த செருகி ஆகியவை பொய் சொல்ல வைக்கும். உணரிக்கு முன்னே புகைக்குழாயில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே வெளிக்காற்று உட்புகும். உணரி மிகுதியான உயிர்வளியைக் காட்டும். அங்கே பொய் சொல்வது குழாய்.

மூன்றாவது, உணரியின் உண்மையைச் சோதிப்பது. இதற்கு ஈப்போ வட்டாரத்தில் இயற்கையே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்திருக்கின்றது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் நீண்ட சாலையே அது. கியரில் வைத்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, எண்ணெய் தெளிப்பு நின்றுவிடும். எந்திரம் வெறும் காற்றை வாங்கி வெறும் காற்றையே விடும். சில விநாடியில் குழாய் முழுவதும் தூய காற்றாகிவிடும். அப்போது உணரி காட்டவேண்டிய அளவு எல்லார்க்கும் தெரிந்ததே. உலர்ந்த காற்றில் 20.9 விழுக்காடு. மலேசியாவின் ஈரக்காற்றில் நீராவி இடம்பிடிப்பதால் 20 விழுக்காட்டை ஒட்டியும் வரலாம். அவ்வளவைக் காட்டினால் உணரி மெய் சொல்கின்றது. மிகக் குறைத்துக் காட்டினாலோ, நெடுநேரம் கழித்தே அவ்வளவை எட்டினாலோ, உணரியின் வாய் கரியால் அடைபட்டிருக்கலாம். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, உடன் இருப்பவரே கணினியைப் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நான்காவது, உணரி மெய் சொல்கின்றது என்று தெளிந்தபின் உண்மைக் குற்றவாளியைத் தேடுவது. கரி பிடித்துத் திறந்தே நின்றுவிட்ட புகைமீட்பு வால்வு, அழுக்கேறிய காற்றளவி, அடைபட்ட காற்று வடிகட்டி, சொட்டும் எண்ணெய்த் தெளிப்பான், தளர்ந்த டர்போக் குழாய் ஆகியவற்றுள் ஒன்று அகப்படும். அதனைச் சீர்செய்தால் விளக்கு தானே அணையும்.

செப்பம் செய்யும் முறை

உணரி உண்மையாகவே கெட்டிருந்தால் பீங்கானைச் செப்பனிட இயலாது. கரி மட்டும் படிந்திருந்தால் எந்திரத்துக்கு நல்ல வேலைகொடுத்து நெடுஞ்சாலையில் ஓட்டும்போது சில வேளை எரிந்து நீங்கும். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் பெட்ரோலில் கழுவுவதும் தீங்கே தரும். எந்திரம் தின்னும் எண்ணெயின் சாம்பலும், பொருத்துகளில் தாராளமாகப் பூசிய சிலிக்கோன் பசையின் ஆவியும் உணரியின் நுண்துளைகளை அடைத்துக் கொல்லும். அவை நீங்காமல் புதிய உணரியை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

அறுந்த கம்பியை வெட்டிப் பற்றவைக்கும் பழக்கம் பல கருவிகளுக்கு நல்லது, இதற்கு ஆகாது. பலவகை உணரிகளில் ஒப்பிடுவதற்கான காற்று கம்பிகளின் உள்ளிடைவெளி வழியாகவே பீங்கானை அடைகின்றது. ஈயப்பற்று அவ்வழியை அடைத்துவிடும். விரிகற்றை உணரி பலவற்றில் செருகிக்குள் ஒரு சிறு மின்தடையும் வைத்திருப்பர். அந்தந்த உணரிக்கென்றே ஆலையில் அளந்து செதுக்கிய தடை அது. ஒன்றின் செருகியை வெட்டி மற்றொன்றுக்கு ஒட்டினால், ஒருவர் கண்ணாடியை மற்றவர் அணிந்ததுபோல் ஆகும்.

புதிய உணரியைக் கீழே தவறவிடலாகாது. பீங்கான் உள்ளே விரிந்தால் வெளியே தெரியாது. மறைக்குப் பூசும் பசை மறையைத் தாண்டி முனையில் படலாகாது. உற்பத்தியாளர் குறித்த முறுக்குக்கு மேல் இறுக்கலாகாது. மாட்டியபின், பழைய உணரிக்கேற்பக் கணினி கற்று வைத்திருந்த திருத்தங்களை அழித்துப் புதிதாகக் கற்கவிட வேண்டும். இறுதியாக, மலைச்சாலைச் சோதனையை மீண்டும் செய்து பார்த்தாலன்றிச் செப்பம் முடிந்ததாகக் கருதலாகாது.

வரலாறு தரும் பயன்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். விளக்கைச் சூடாக்க நெர்ன்ஸ்டு பட்ட பாடுதான் இன்றைய வெப்பச் சுருளின் பழுது. காற்றோடு ஒப்பிட்டே அளக்கவேண்டும் என்னும் அவருடைய வாய்பாடுதான் இன்று கம்பியைப் பற்றவைக்கலாகாது என்னும் விதி. இருசொல் காவலன் டீசலுக்குப் போதாமையால் வந்த இறைப்புக் கலம்தான் செருகியின் சிறு தடைக்குக் காரணம். கருவி தன் வரலாற்றைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்கின்றது. அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பழுதும் தெரிகின்றது.

தமிழ்ப் பள்ளிகளில் படித்து வெளியேறும் மாணவருள் பலர் பட்டறைத் தொழிலை நாடுகின்றனர். அவர்க்கு வேண்டியது ஸ்பேனர் பிடிக்கும் கைத்திறன் மட்டும் அன்று. குறியைக் கண்டவுடன் ‘இது சாட்சியா, குற்றவாளியா’ என்று கேட்கும் மனப்பழக்கமும் வேண்டும். அக்கேள்வியைத் தாய்மொழியில் கேட்கப் பழக்குவது ஆசிரியர் கடன். இலங்கைக் கல்லிலும் கிந்தா மணலிலும் கிடந்த மண், பெர்லினிலும் கலிபோர்னியாவிலும் அறிவாகி, குனோங் ராபாட் பட்டறையில் ஓர் ஏழை வண்டிக்காரரின் செலவாக வந்து நிற்கின்றது. அச்செலவு வீண்செலவாகாமல் காப்பது அறிவின் வேலை.